கடம்பூருக்குப் போன இரண்டு வண்டிகள்

அடுத்தவர் வண்டி மேல் ஆசைப்பட்டு நான் போன ஒரே பயணம் இது. வண்டி இருந்த ஊர் கோவில்பட்டி. ஆசைப்பட்டவனுக்கு வயது அறுபது. கூட வந்த என் மனைவி சரசு, "இந்த வயசுல ஆம்பளைங்க காசிக்குப் போறேன்னு கெளம்புவாங்க. நீங்க கோவில்பட்டிக்குக் கெளம்பறீங்க" என்று கோயம்புத்தூரில் ஆரம்பித்த கேலியைச் சாத்தூர் தாண்டியும் நிறுத்தவில்லை.

பம்புசெட் கம்பெனி ஒன்றில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பாலிடெக்னிக் படித்த காலத்தில் ஒரு பத்திரிகை அட்டையில் இங்கிலாந்துக்காரர்கள் செய்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைப் பார்த்தேன். இரண்டே இருக்கை, துணிக்கூரை, கம்பிச் சக்கரம், தவளைக் கண் மாதிரி விளக்கு. அதற்குப் பிறகு கல்யாணம், குழந்தைகள், வீட்டுக் கடன் எல்லாம் வந்து போயின. அந்த அட்டைப்படம் மட்டும் போகவில்லை. போன மாதம் அதே ரக வண்டி ஒன்று விற்பனைக்கு என்று இணையத்தில் படத்தோடு பார்த்ததும், சரசுவிடம்கூடச் சொல்லாமல் போன் போட்டுவிட்டேன்.

எடுத்தது ஒரு பெண் குரல். பெயர் செண்பகவல்லி என்றார்.

"அண்ணாச்சி, வண்டி எங்க வீட்டுக்காரவியளது. விக்கப் போட்டது அவியளுக்குத் தெரியாது. எந் தம்பி மகன்தான் போட்டோ புடிச்சுப் போட்டான். நீங்க பழைய வண்டி பாக்க வாரவிய மாதிரி வாங்க. எங்க வீட்டுல ரெண்டு நாளு தங்குங்க. பழகிட்டுப் பொறவு கேளுங்க."

இது என்ன வம்பு என்று தயங்கினேன். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன்.

"எனக்கு எடது முட்டியில ஆப்பரேசன் ஆயி ரெண்டு வருசம் ஆவுது. அந்த வண்டியில ஏறணும்னா தரையில உக்காருத மாதிரி உக்காரணும். என்னால முடியாது. வேற வண்டி வாங்குங்கன்னா, ஒரு வீட்டுக்கு ஒரு வண்டிதான்னு சொல்லுதாவ. வீட்டுல வண்டிய வச்சுக்கிட்டு வாடகைக் காருல போவ எனக்கும் மனசு இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனதத் தவிர ரெண்டு வருசமா நான் தெருவத் தாண்டல, அண்ணாச்சி. இது போனாத்தான் இன்னொண்ணு வரும்."

ஜாடிக்கேற்ற மூடி என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு பேரில் யார் அதிகப் பிடிவாதம் என்று போனில் கண்டுபிடிக்க முடியவில்லை.

என் பக்கத்திலும் ஒரு சிக்கல் உண்டு. எங்கள் அடுக்குமாடியில் எங்களுக்கு ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். அந்த இடத்தில் இப்போது சரசுவின் கூபே ரகக் கார் நிற்கிறது. பள்ளிக்கூட வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அவள் வாங்கியது. கியர் தானாக மாறும். நம் மாதிரி ஆட்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் இப்போது வருகிற ரகம். அசல் கூபேக்குக் கதவு இரண்டு, இதற்கு நான்கு. பின்பக்கக் கூரை மட்டும் சறுக்கு மரம் போலச் சரிந்திருக்கும். அந்தச் சரிவைக் காட்டித்தான் கடைக்காரர் எங்கள் தலையில் கட்டினார். பழைய வண்டி வந்தால் இது போயாக வேண்டும். "சும்மா பாத்துட்டு வரலாம், அவ்வளவுதான்" என்று சரசுவிடம் சொன்னேன். "பொண்ணு பாக்கப் போறவங்களும் அப்படித்தானுங்க சொல்லுவாங்க" என்றாள்.

வியாழக்கிழமை மதியம் போய்ச் சேர்ந்தோம். சாத்தூருக்குத் தெற்கே மண் கறுத்துக்கொண்டே வந்து, கோவில்பட்டியை நெருங்கும்போது முழுக்கக் கரிசல். புரட்டாசி மாதம். ஐப்பசி மழைக்கு உழுது போட்டுவிட்டு ஊரே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் நாலு அடிக்கு ஒரு தென்னை மறைக்கும். இங்கே கண்ணுக்கு எதுவும் தடையில்லை. பத்து மைலுக்கு அப்பால் ஒரு லாரி வந்தாலும் தெரிகிறது. வண்டி ஓட்டுகிறவனுக்கு இதைவிடச் சுகம் வேறு இல்லை என்று நான் சொன்னேன். சரசு, குளிர்சாதனத்தை இன்னும் ஒரு புள்ளி கூட்டினாள்.

செண்பகவல்லியின் வீட்டுக்காரர் சங்கரலிங்கம். தீப்பெட்டி ஆபீஸ் நடத்துகிறார். அந்தப் பக்கத்தில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். வீட்டுக்கு எதிரிலேயே ஆபீஸ். வாசலில் கருப்பசாமி என்ற காவல்காரர் உட்கார்ந்திருக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் போன், தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் அதில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும். முதலாளிக்கும் அதே சட்டம். உள்ளே எந்த வண்டியையும் ஸ்டார்ட் செய்யவும் கூடாது.

முதலில் சாப்பாடு. உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் போட்டார் செண்பகவல்லி. தோலோடு போட்ட உளுந்து, தேங்காய், பூண்டு எல்லாம் சேர்ந்து கமகமவென்று ஒரு சோறு. மேலே நல்லெண்ணெய் ஊற்றிப் பிசைந்து சாப்பிடச் சொன்னார். கொங்கு நாட்டில் அரிசியும் பருப்பும் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். அந்த நிமிஷத்தில் கட்சி மாறிவிட்டேன். பரிமாறும்போது அவர் இடது காலை லேசாக இழுத்துத்தான் நடந்தார். ஆனால் ஒரு இடத்தில் உட்காரவில்லை. வீட்டுக்குள்ளேயே நூறு தடவை நடந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் சங்கரலிங்கம் அண்ணாச்சி என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆபீஸின் கோடியில், தீக்குச்சி மருந்து கலக்கும் அறைக்கு வெகு தூரத்தில், முன்பு குச்சி காயவைத்த ஓட்டுக் கொட்டகை. அதன் நட்டநடுவே வண்டி நின்றது. கரும்பச்சை நிறம். இங்கே காற்றிலேயே ஈரம் கிடையாது, கொட்டகைக்குள் சுத்தமாகக் கிடையாது. அதனால் எங்கேயும் துருவே பிடிக்கவில்லை. அட்டைப்படத்தில் பார்த்ததைவிடச் சின்னதாக இருந்தது. பிடித்திருந்தது. ரொம்பவும் பிடித்திருந்தது.

"பதினோரு வருசம் ஆச்சு சார், இத எழுப்பி நிறுத்த. ஒரு மில்லுக் குடும்பத்துக் கோழிக்கூண்டுல கெடந்துச்சு. மொத மொத ஓட்டுனப்ப செம்பகந்தான் பக்கத்துல உக்காந்திருந்தா" என்றார் அண்ணாச்சி.

நான் சக்கரத்தைப் புகழ்ந்தேன், விளக்கைப் புகழ்ந்தேன், மரத்தில் செய்த ஸ்டீயரிங்கைத் தடவிப் புகழ்ந்தேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏதோ தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்குப் பட்டது.

வெள்ளிக்கிழமைதோறும் அண்ணாச்சி இந்த வண்டியில் கடம்பூர் போவார். அங்கே ஒரு கடையில் ஒரு காப்பி குடித்துவிட்டு, இரண்டு போளி வாங்கி, வீட்டுக்குக் கொண்டு வந்து மனைவியிடம் கொடுப்பார். முன்பு இரண்டு பேருமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக அவர் மட்டும் போகிறார், போளி மட்டும் வருகிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் அவரே ஒரு யோசனை சொன்னார்.

"நம்ம வண்டியையும் ஒங்க வண்டியையும் ரோட்டுல விட்டுப் பாப்போம். கடம்பூர் வரைக்கும். எது எப்படின்னு அப்பந்தானே தெரியும்."

"அப்ப அக்கா எங்கூட வரட்டுமுங்க" என்றாள் சரசு.

செண்பகவல்லி வரவில்லை என்றார். அடுப்பில் பால் இருக்கிறது என்றார். பால் காய்ந்து இறக்கியதும், துணி மடிக்க வேண்டும் என்றார். ஆசை இருக்கிறவர்கள்தான் இத்தனை காரணம் சொல்வார்கள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அவர் புதுச் சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றார். சரசு கூபேயின் முன்கதவைத் திறந்துவிட்டாள். செண்பகவல்லி முதலில் இருக்கையைக் கையால் அழுத்திப் பார்த்தார். பிறகு திரும்பி நின்று உட்கார்ந்தார். இரண்டு கால்களையும் உள்ளே எடுத்து வைத்தார். அவ்வளவுதான். அவர் முகத்தில் ஒரு சந்தேகம் வந்தது, இவ்வளவுதானா என்று.

"நாற்காலியில உக்காருத மாதிரில்லா இருக்கு மைனி" என்றார் சரசுவிடம்.

பெண்கள் இருவரும் முன்னால் புறப்பட்டார்கள். கடம்பூர் போளிக் கடையில் சந்திப்பதாக ஏற்பாடு. நானும் அண்ணாச்சியும் வண்டியை எடுக்க ஆபீஸுக்குப் போனோம். கருப்பசாமி பெட்டியைத் திறந்தார். போனைப் போட்டோம். உள்ளே போனோம். வண்டியை வாசல் வரை தள்ளுவதற்குக் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிற பெண்கள் ஆறு பேர் வந்தார்கள். வாராவாரம் அவர்களுக்கு இது வழக்கம்.

"வாரம் தவறாம தேரு இழுக்கோம் அண்ணாச்சி. ஒரு பரிவட்டம் கட்டுனீங்களா?" என்றாள் ஒருத்தி.

"ஏட்டி, ஒழுங்காத் தள்ளு. வடம் புடிக்கிறவளுக்கு யாரு பரிவட்டம் கட்டுவா?" என்றார் அண்ணாச்சி.

சிரிப்பும் தள்ளலுமாக வண்டி வாசலைத் தாண்டி ரோட்டுக்கு வந்தது. பின்பக்கமாகப் பட்டாசு மாதிரி இரண்டு சத்தம் போட்டுவிட்டு எஞ்சின் பிடித்தது. நான் ஏறவில்லை, இறங்கினேன் என்று சொல்ல வேண்டும். கிணற்றில் இறங்குவது போல ஒரு காலை விட்டு, ஒரு கையை ஊன்றி, மெதுவாக. அண்ணாச்சி ஊர் எல்லையில் வண்டியை நிறுத்தி, "ஓட்டுங்க" என்று சாவியைக் காட்டினார். அந்தச் சந்தோஷத்தை மறைக்க எனக்குத் தெரியவில்லை.

இரண்டு வண்டியையும் ஒரே வாரத்தில் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். கூபே நூறில் போகும்போது சரசு உள்ளே உட்கார்ந்து தேங்காய் பர்பி சாப்பிடுவாள், துகள்கூடச் சிந்தாது. பழைய வண்டியில் ஐம்பதில் போனாலே உயிர் கையில் இருக்கிறது. கிளட்ச் மிதிப்பதற்கு ஒரு ஆள் பலம் வேண்டும். பிரேக் நம் வேண்டுகோளைப் பரிசீலித்துத்தான் நிறுத்தும். கூபேயில் எதற்கெடுத்தாலும் ஒரு மணி அடித்து எச்சரிக்கும். இதில் எச்சரிக்க ஒன்றுமே கிடையாது, எல்லாம் விதிப்படி. ஆனால் காற்று முகத்தில் அடிக்கிறது. உழுத மண்ணின் வாசனை, ஆட்டு மந்தையின் வாசனை, எங்கோ கம்பு இடிக்கிற வாசனை எல்லாம் ஒவ்வொன்றாக வருகிறது. நாற்பது வருஷம் நான் ஆசைப்பட்டது வீண் இல்லை என்று சத்தம் போட்டு அண்ணாச்சியிடம் சொன்னேன். எஞ்சின் சத்தத்தில் அவருக்குக் காது கேட்கவில்லை.

அடுத்த வாசனை பெட்ரோல்.

வண்டி இருமியது, துள்ளியது, நின்றது. முன்மூடியைத் திறந்து பார்த்தேன். பெட்ரோல் வருகிற ரப்பர் குழாய் வெடித்துச் சொட்டிக்கொண்டிருந்தது. துருப்பிடிக்காமல் காப்பாற்றிய அதே காய்ந்த கொட்டகைதான் ரப்பரைச் சுள்ளியாக்கியிருந்தது. "ஆபீஸுக்குப் போன் போடுங்க, யாராவது ஒரு குழாய் வாங்கிட்டு வரட்டும்" என்றேன். அண்ணாச்சி சட்டைப் பையைத் தொட்டார். நானும் தொட்டேன். இரண்டு போனும் கருப்பசாமியின் பெட்டியில் பத்திரமாக இருந்தன. அந்த ஆபீஸில் யாருக்குமே வெளியே வரும்போது போன் ஞாபகம் வராது போலிருக்கிறது. முதலாளிக்கும் சரி, முதல் நாளே முதலாளியிடம் பயிற்சி எடுத்த எனக்கும் சரி.

ரோட்டோரம் முள்ளும் பொடி இலையுமாக ஒரு உடை மரம். நிழல் என்று பேருக்கு. அதன் கீழ் உட்கார்ந்தோம். அரை மணி நேரத்துக்கு ஒரு வண்டிகூட வரவில்லை.

"சார், ஒண்ணு சொல்லுதேன்" என்றார் அண்ணாச்சி. "வண்டிய விக்கப் போட்டது எனக்குப் போன வாரமே தெரியும். லோடு ஏத்த வந்த பையன் போன்ல காட்டிட்டான். நீங்க வாங்க வந்தவருன்னுதான் நெனச்சேன். ஆனா வாங்க வந்தவன் எவனும் பொருளப் புகழ மாட்டான். நொட்டை சொல்லுவான். நீங்க நேத்து புகழுன புகழ்ச்சியப் பாத்து, இவர் வாங்க வந்தவர் இல்ல போலன்னு நெனச்சுட்டேன்."

"வாங்கத்தான் வந்தேனுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல.

"செம்பகத்துக்கு இந்த வண்டிய ஏன் புடிக்கலன்னுதான் எனக்குத் தெரியல. பதினோரு வருசம் நான் இதக் கட்டி அழுதேன், ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப என்ன கோவம்?"

எனக்குக் கோபம் வந்தது. முந்தின நாள் சாப்பிட்ட உளுந்தஞ்சோறு என்னைப் பேச வைத்தது. "கோவம் ஒண்ணும் இல்லீங்க அண்ணாச்சி. முட்டியை மடக்கி இதுல உக்கார முடியாம, அவங்க தெருவைத் தாண்டி ரெண்டு வருஷம் ஆச்சுங்களாம். எங்கிட்டப் போன்ல சொன்னது அவ்வளவுதான். வண்டியைப் பத்திக் குறையா ஒரு வார்த்தை சொல்லலை" என்றேன்.

அண்ணாச்சி தூரத்தில் போகிற ஆடுகளைப் பார்த்தார். "வாராவாரம் போளி வாங்கிக் குடுத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். முடிக்கவில்லை. ஆடுகள் மறைந்ததும், "சரி, வேணும்னா கொண்டு போங்க" என்றார். நாற்பது வருஷ ஆசை கையில் வந்து விழுந்த நேரம் அது. எனக்கு ஏனோ சிரிக்க வரவில்லை.

மருந்தடிக்கிற பம்பை முதுகில் கட்டிக்கொண்டு சம்சாரி என்று அந்தப் பக்கம் சொல்கிற ஒரு விவசாயி மோட்டார் சைக்கிளில் வந்தார். புதூர்ப் பக்கத்து ஆள். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "பாதி செஞ்சுக்கிட்டு இருக்கும்போதே துட்டு தீந்து போச்சா?" என்று கேட்டார். பிறகு தன் பம்புக் குழாயின் நுனியில் ஒரு சாண் நீளம் அறுத்துக் கொடுத்தார். அவர் வைத்திருந்த பழைய டியூப் கிழிசலைச் சுற்றிக் கட்டினேன். பம்புசெட் கம்பெனியில் படித்த வித்தை கரிசலில் உதவியது.

கடம்பூர் போய்ச் சேரும்போது மணி பதினொன்று தாண்டிவிட்டது. போளிக் கடைக்கு முன்னால் கூபே இல்லை.

"அக்கா ஒரு மணி நேரமா ஒங்களப் பாத்துக்கிட்டு இருந்தாவ" என்றார் கடைக்காரர். "போன் போட்டா கருப்பசாமி எடுத்து, ரெண்டு போனும் இங்கன பொட்டிக்குள்ள கெடக்குன்னாராம். எம்புட்டு நேரம் நிக்கது, நாங்க பாஞ்சாலங்குறிச்சி போயிட்டு அப்படியே தூத்துக்குடி போறோம்னு சொல்லிட்டுப் போயிட்டாவ. ஒங்களுக்கு ரெண்டு போளி குடுக்கச் சொன்னாவ."

இலையில் சுற்றிய பொட்டலத்தை அண்ணாச்சி கையில் வாங்கினார். கடைக்காரர், "அக்காவப் பாத்து ரெண்டு வருசம் ஆச்சு. நல்லாத்தான் இருக்காவ" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். அண்ணாச்சி பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டே வந்தார். நான் கடையிலேயே தனியாக ஒன்று வாங்கித் தின்றுவிட்டேன். நெய் மணக்க, தேங்காய்ப் பூரணம், வாயில் வைத்ததும் கரைந்துவிட்டது. துக்கத்துக்கும் பசிக்கும் சம்பந்தமில்லை.

பகல் முழுக்க ஆபீஸ் வாசலுக்கும் வீட்டு வாசலுக்கும் அண்ணாச்சி நடந்தார். இரண்டு தடவை போன் செய்தார். சரசுதான் எடுத்தாள். "அக்கா இப்பப் பேச முடியாதுங்க" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, அப்புறம் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். எனக்கே கொஞ்சம் கலக்கமாகிவிட்டது.

சாயங்காலம் ஐந்தரைக்குக் கூபே தெருவுக்குள் வந்தது. வேகமே இல்லை. மாட்டு வண்டி முந்திவிடும். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது செண்பகவல்லி. வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, பிரேக்கில் இருந்து காலை எடுக்கலாமா என்று பக்கத்தில் இருந்த சரசுவிடம் கேட்டுவிட்டு எடுத்தார்.

செண்பகவல்லியிடம் டிரைவிங் லைசென்ஸ் இருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் எடுத்ததாம். அடையாளம் காட்ட மட்டும் புதுப்பித்து வைத்திருக்கிறார். பழைய வண்டியின் கிளட்சை மிதிக்க முடியாமல் அன்றைக்கே விட்டுவிட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பார்த்துவிட்டு வரும்போது, ஆளில்லாத ரோட்டில் சரசு இடம் மாறி உட்கார்ந்திருக்கிறாள். "ரெண்டே பெடல்தானுங்க அக்கா. எடது காலு சும்மா கெடக்கட்டும்" என்று சொன்னாளாம். பள்ளிக்கூட வாத்தியார் அல்லவா, முப்பது வருஷம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளைச் சமாளித்தவள். ஓட்டிக்கொண்டிருந்ததால்தான் அக்காவால் போனில் பேச முடியவில்லை. ஊர் நெரிசலில் மட்டும் சரசு ஓட்டிவிட்டு, தெருமுனையில் மறுபடி இடம் மாறியிருக்கிறாள்.

"கடல் பாத்தோம்" என்று செண்பகவல்லி கணவரிடம் சொன்னார். "ஒங்களுக்குத் திங்க மக்ரூன் வாங்கியாந்திருக்கேன். வெளிய போனது நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான் சொன்னார். சண்டை இல்லை, குத்தல் இல்லை. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தார். அண்ணாச்சி தெருவில் நின்று கூபேயைச் சுற்றி வந்தார். பின்கதவைத் திறந்து உட்காரப் போய், சரிந்த கூரையில் தலையை இடித்துக்கொண்டார். முன்னால் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்ததும் பெல்ட் போடச் சொல்லி மணி அடிக்க ஆரம்பித்தது.

"என்ன சார் இது, குத்தம் சொல்லிக்கிட்டே இருக்கு?"

"பழகிருமுங்க" என்றேன்.

சாப்பாட்டுக்கு முன், மாடியறையில் சரசுவிடம் விஷயத்தைச் சொன்னேன். அண்ணாச்சி வண்டியைக் கொடுக்கச் சம்மதித்துவிட்டார், நான் வாங்கினால் செண்பகவல்லிக்கும் ஒரு வழி பிறக்கும் என்று, தர்மகாரியம் செய்கிறவன் மாதிரி பேசினேன். அவள் கோபப்படவில்லை.

"வாங்கிக்கோங்க. உங்க ஆசை எனக்குத் தெரியாதுங்களா? நம்ம எடத்துல அது நிக்கட்டும், என் வண்டியைக் குடுத்தர்லாம். அந்தப் பள்ளத்துல எனக்கு உக்கார முடியாது, உங்களையே கையைப் புடிச்சுத் தூக்கோணும். நீங்க ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போயிட்டு, வரும்போது எனக்கும் ரெண்டு போளி வாங்கிட்டு வாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன். உடை மரத்தடியில் அண்ணாச்சி மேல் வந்த கோபம் இப்போது யார் மேல் என்று தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை காலை. கருப்பட்டிக் காப்பி வந்தது. நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். நான் சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, வண்டி எனக்கு வேண்டாமுங்க. ஓட்டிப் பாத்தேன், மனசு நிறைஞ்சு போச்சு. எங்க வீட்டுக்கும் ஒரு வண்டிதான் நிறுத்த முடியும். அதுல சரசு ஏறோணும்."

செண்பகவல்லி தம்ளரை டக்கென்று கீழே வைத்தார். என்னைப் பார்க்கவே இல்லை. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. என் மனைவிக்கு நல்லவனாக இருக்கப் போய், சோறு போட்டவருக்குத் துரோகம் செய்துவிட்டேன். வெளியே வர அவருக்கு இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன். அண்ணாச்சி காப்பியைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். எழுந்து, துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போய்விட்டார்.

நாங்கள் பெட்டியைக் கட்டினோம். செண்பகவல்லி கடலை மிட்டாயும் சேவும் பொட்டலம் போட்டுக் கொடுத்தார். "நீங்க என்ன செய்வீங்க அண்ணாச்சி, விடுங்க" என்றார். அந்த வார்த்தை என்னை இன்னும் சங்கடப்படுத்தியது. கிளம்புகிற நேரத்தில் கருப்பசாமி வந்து, முதலாளி மூன்று பேரையும் கொட்டகைக்கு வரச் சொல்கிறார் என்றார்.

போனோம். கொட்டகையின் ஒரு பக்கமாக அடுக்கியிருந்த காலி அட்டைப் பெட்டிகளைக் காணோம். தரை கூட்டியிருந்தது. நட்டநடுவே நின்ற பச்சை வண்டி வலப்பக்கச் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றது. இடப்பக்கம் காலி. அண்ணாச்சி சட்டையெல்லாம் தூசியாக நின்றுகொண்டிருந்தார்.

"இங்கன ஒண்ணு நிக்கும்லா?" என்று மனைவியிடம் கேட்டார். "ரெண்டு பெடல் வண்டிதான். நாளைக்கே திருநெல்வேலி போயிப் பாப்போம். நீ எது சொல்லுதியோ அது."

செண்பகவல்லி காலியான இடத்துக்கு நடந்து போனார். நடுவில் நின்று, அங்கே ஒரு வண்டி இருப்பது போல, அதிலிருந்து இறங்குகிறவர் போல, பச்சை வண்டியின் பக்கமாக வலது கையை நீட்டிக் கதவைத் திறந்து பார்த்தார். வலது காலை வெளியே வைத்தார். பிறகு முட்டியை நேராக நீட்டி இடது காலை.

"கதவு முழுசாத் தொறக்க எடம் பத்தாது. இன்னும் ரெண்டு முழம் முன்னால தள்ளுங்க" என்றார்.

"சுவருல இடிக்குமேட்டி."

"இடிக்காது. தள்ளுங்க."

அண்ணாச்சி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வண்டியின் பின்னால் போய் நின்றார். என்னைப் பார்த்தார். நானும் போய் அவர் பக்கத்தில் நின்று, நாற்பது வருஷமாக ஓட்ட ஆசைப்பட்ட அந்த வண்டியின் முதுகில் இரண்டு கைகளையும் வைத்து, பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளினேன்.